வலது மணிக்கட்டு

நான் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று காலையில்தான் பக்கத்து ஊர்க் களத்தில் அடிதடி நடந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இல்லை என்பதை யாரிடம், எப்படிச் சொல்லி நம்பவைப்பது என்பதுதான் அதற்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் வீட்டின் பெரிய பயமாக இருந்தது.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். திருவாரூருக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருந்த எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை பார்த்தார்கள். ஆட்சி மாறி, சென்னையில் புதிய மந்திரிகள் வந்து, விவசாயக் கூலியைப் பற்றி ரேடியோவிலெல்லாம் பேச ஆரம்பித்திருந்த காலம் அது. ரேடியோவில் பேசியது வயல் வரைக்கும் வந்து சேரவில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் கூலியாட்களின் சங்கம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்கும். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். முற்றிய கதிருக்கு நடுவே இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நிற்கும். பிறகு போலீஸ் வரும். அப்பாவும் சங்கத்தில் இருந்தார். கொடி பிடிப்பவர் இல்லை, மேடையேறுபவரும் இல்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நிற்பவர்.

எனக்கு அந்த வருஷம் மனசெல்லாம் சைக்கிளில்தான் இருந்தது. மாசி மாதம் தஞ்சாவூரில் கல்லூரி மாணவர்களுக்கான மாவட்ட சைக்கிள் பந்தயம் நடக்கவிருந்தது. தஞ்சாவூரில் கிளம்பிப் பாபநாசம் வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் உடற்பயிற்சிக் கல்லூரியில் சேரச் சிபாரிசு செய்வதாக எங்கள் கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியர் சொல்லியிருந்தார். டிரில் மாஸ்டராக வேண்டும் என்பது என் ஆசை. வெயிலில் நின்றாலும் வயலில் நிற்காத ஒரு வேலை அது என்று எனக்குத் தோன்றியிருந்தது. சைக்கிள் என்னுடையது இல்லை. மாயவரத்தில் ரயில்வே கேங்மேனாக இருந்த அக்கா வீட்டுக்காரர், பந்தயம் முடிகிறவரை வைத்துக்கொள் என்று தன் சைக்கிளை விட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, கைக்குழந்தையோடு இன்னும் இங்கேயே இருந்தாள்.

தை மாதக் கடைசி. ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டிருந்தார்கள். கரைமேல் போகும் மண்சாலையில் மாட்டுவண்டிச் சக்கரம் பதிந்த சோடைகள் காய்ந்து கல் மாதிரி இறுகிக் கிடந்தன. காலை வெயில் ஏறுவதற்குள் அந்தக் கரையில் வேகமாக மிதித்துப் பழகுவது என் வழக்கம். அன்று எதிரில் வந்த நெல்வண்டிக்கு ஒதுங்கும்போது முன்சக்கரம் சோடைக்குள் இறங்கிவிட்டது. ஹேண்டில்பாரைத் திருப்பினேன், திரும்பவில்லை. சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். முகம் தரையில் மோதாமல் இருக்க வலது கையை நீட்டி ஊன்றினேன். உடம்பின் கனம் முழுவதும் அந்த ஒரு உள்ளங்கையில் இறங்கியது. வண்டிக்காரர் நிறுத்தவில்லை. அவர் பார்த்தாரா இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது.

எழுந்து உட்கார்ந்தபோது வலி பெரிதாக இல்லை. சைக்கிளைத் தூக்கப் போனபோதுதான் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு வலி இழுத்தது. கட்டைவிரலை மடக்க முடியவில்லை. இடது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில், அறுத்த வயலுக்குக் குறுக்கே ஆட்கள் ஓடுவதைப் பார்த்தேன். இரண்டு மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெற்கே ஓடினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கையை வீசி, வீட்டுக்குப் போ என்று கத்திவிட்டு ஓடினார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அதற்குள் மணிக்கட்டு வீங்கி, முண்டு தெரியாமல் மழுங்கியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"உன்னை யாராச்சும் பாத்தாங்களா?" என்றாள்.

என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்து ஊர்க் களத்தில் வெளியூர் ஆட்களை வைத்து நெல் அடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். சங்கத்து ஆட்கள் போய் மறித்திருக்கிறார்கள். வாய்ச்சண்டை கைகலப்பாகி, மிராசுதாரின் காரியஸ்தர் தலையில் அடிபட்டு விழுந்துவிட்டார். யார் அடித்தது என்று தெரியாது. அப்பாவும் அந்தக் களத்தில்தான் இருந்திருக்கிறார். அப்பா எங்கே என்று கேட்டேன். தெரியாமல் இருப்பதுதான் உனக்கு நல்லது என்று அம்மா சொன்னாள். அவளுக்குத் தெரியும் என்பது அவள் முகத்திலேயே இருந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டோரம் மீன்பிடிக்கும் வீடு ஒன்றில் அவர் இருந்தார் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று பிற்பகலே போலீஸ் வேன்கள் வந்துவிட்டன. மறுநாள் ஒரு செய்தி வந்தது. மேலத்தெருவில் ஒருவருக்கு அறுவடையில் அரிவாள் பட்டுக் கை கிழிந்திருந்தது. அது அடிதடிக்கு முந்தின நாள் பட்ட காயம். கட்டு மாற்ற அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவரை வரிசையிலிருந்தே வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கையிலோ தலையிலோ கட்டுப் போட்டவன் எவனாக இருந்தாலும் பிடிக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்ற பேச்சையே அம்மா எடுக்கவிடவில்லை. நான் வாசலுக்குப் போனால்கூட வலது கைமேல் துண்டைப் போட்டுவிடுவாள்.

வீட்டிலேயே வைத்தியம் நடந்தது. புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்து, பொறுக்கும் சூட்டில் மணிக்கட்டில் பற்றுப் போட்டாள். நொச்சியிலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் வீக்கம் இறங்கும் என்று பார்த்தால் விரல்கள் வரைக்கும் ஏறியிருந்தது. எங்கள் தெருவில் கால் முன்னால் பிறந்த ஒரு பெண்மணி இருந்தார். அப்படிப் பிறந்தவர்கள் நீவிவிட்டால் சுளுக்குப் போகும் என்பது நம்பிக்கை. அவரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று அம்மா ஒரு பொழுது முழுக்க யோசித்தாள். கையைப் பார்த்தவர்களின் கணக்கில் ஒரு ஆள் கூடும் என்பது அவள் பயம். கடைசியில், உப்பு வாங்க வருவதுபோல அந்தப் பெண்மணி வந்து, விளக்கெண்ணெய் தொட்டு முழங்கையிலிருந்து கீழே நீவினார். விரல் பக்கம் வரும்வரை பொறுத்துக்கொண்டேன். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் குழியில் அவருடைய விரல் பட்டதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"இது வெறும் சுளுக்கு மாதிரி தெரியலடி. எலும்புல என்னமோ இருக்கு. நான் தொட மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அந்தக் குழியை அதற்குப் பிறகு நானே தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் வலிக்கும். எலும்பு உடைந்திருந்தால் பந்தயம் போயிற்று, டிரில் மாஸ்டர் வேலை போயிற்று. பரீட்சை எழுதுகிற கையும் அதுதான். இந்தப் பயங்களெல்லாம் எனக்கு. அம்மாவின் பயம் வேறு. காரியஸ்தர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார், அவர் போய்விட்டால் அது கொலைக் கேஸாகிவிடும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். நடவு வயலில் அம்மாவை வரப்பில் நிற்கவைத்து வாய்க்கு வந்தபடி ஏசிய மனிதர் அவர். அந்த மனிதர் பிழைத்து எழ வேண்டும் என்று அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்ததை நான் பார்த்தேன்.

முடிவெடுத்தது அக்காதான். அவள் எப்படியும் மாயவரத்துக்குத் திரும்ப வேண்டும். துணைக்குத் தம்பி வருவதில் யாருக்கும் சந்தேகம் வராது. அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றாள். கையில் கட்டு எதுவும் தெரியக்கூடாது என்று பற்றையெல்லாம் கழுவித் துடைத்தாள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். ஆனாலும் வீங்கிய விரல்கள் வெளியே தெரிந்தன, தோல் பளபளவென்று இருந்தது. வழி முழுக்கக் கையை மடியில் வைத்து அதன்மேல் துணிப்பையை வைத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டோம்.

பேருந்தில் எங்களுக்கு மூன்று பேர் உட்காரும் சீட்டில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் அக்கா, நடுவில் நான். பூந்தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிறுத்தத்தில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். பேருந்து முழுக்கப் பார்த்துவிட்டு நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். லத்தியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். நான் எதிரில் இருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலது கை அவர் பக்கம் இருந்தது. பேருந்து குலுங்கும்போதெல்லாம் பை நகர்ந்து விரல்கள் வெளியே வந்தன.

அக்கா திடீரென்று, "இந்தாடா, இவனைக் கொஞ்சம் வச்சுக்க, எனக்குக் கை வலிக்குது" என்று சொல்லி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை என் மடியில் இறக்கினாள்.

நான் யோசிப்பதற்குள் குழந்தையின் தலை என் வலது மணிக்கட்டின்மேல் வந்துவிட்டது. பச்சைக் குழந்தையின் தலை அவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அந்தத் தலை தூக்கித் தூக்கி என் மணிக்கட்டில் விழுந்தது. பல்லைக் கடித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாயைத் திறந்து மூச்சு விட்டேன். என் கை முழுவதையும் அக்கா முந்தானையைச் சரி செய்வதுபோல மூடிவிட்டாள். போலீஸ்காரர் குழந்தையைக் குனிந்து பார்த்தார். உங்கள் பிள்ளையா என்று என்னைக் கேட்டார். அக்காள் மகன் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. தன் வீட்டிலும் இதே வயதில் ஒன்று இருக்கிறது, பார்த்து ஒரு வாரமாகிறது, அறுவடைத் தகராறுக்குப் போட்டு ஊர் ஊராக அலையவிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தலை தொங்குது பாருங்க தம்பி. கையை நல்லாத் தாங்கலா வைங்க" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தேன். சட்டைக்குள் முதுகில் வியர்வை ஓடியது. அவர் பூந்தோட்டத்திலோ பேரளத்திலோ இறங்குவார் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதிர்பார்த்தேன். அவர் மாயவரம் வரைக்கும் வந்தார். இறங்கும்போது குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார். பேருந்து காலியான பிறகும் எங்களால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு டாக்டரிடம் அக்கா வீட்டுக்காரர் எங்களை அழைத்துப் போனார். நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். கையைத் திருப்பி, விரல் ஒவ்வொன்றையும் மடக்கச் சொல்லி, கடைசியில் கட்டைவிரலுக்குக் கீழே அதே குழியை அழுத்தினார். நான் துள்ளியதைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். பெரிய எலும்புகளில் முறிவு இல்லை, தசைநார் பிய்ந்திருக்கிறது என்றார். ஆனால் அந்தக் குழிக்குள் ஒரு சின்ன எலும்பு உண்டு, அதில் விரிசல் இருந்தால் முதல் படத்தில் பிடிபடாது, இரண்டு வாரம் போனால் இன்னொரு படம் எடுத்துத்தான் சொல்ல முடியும் என்றார். அதுவரை கை அசையக்கூடாது. சூடு காட்டக்கூடாது, எண்ணெய் போட்டு நீவக்கூடாது. மடித்த அட்டையை உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வைத்து, இழுத்தால் நீளும் துணியால் அழுத்திக் கட்டுப் போட ஆரம்பித்தார்.

பந்தயத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் பதிலுக்கு, எந்த ஊர் என்று கேட்டார்.

வேறு ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அக்கா வழியிலேயே சொல்லிவைத்திருந்தாள். எனக்கு அது அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது. எங்கள் ஊரின் பெயரைச் சொன்னேன். கட்டைச் சுற்றிக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது.

"அதுக்குப் பக்கத்து ஊர்லதான் எங்க பெரியப்பா இருக்காரு. அந்தக் களம் அவரோடதுதான்" என்றார்.

என் கை அவர் கையில் இருந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடவும் முடியாது. அக்கா வீட்டுக்காரர், இவன் சைக்கிளிலிருந்து விழுந்தான் சார், இவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தொடங்கினார். டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டை முடித்து, ஊக்குப் போட்டு, நனைக்காதே என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும், இங்கேயே இருந்துவிடு என்று அக்கா கெஞ்சினாள். ஆனால் அம்மா தனியாக இருந்தாள். நான் மறுநாளே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும், டாக்டர் சொல்லிவிட்டார், வந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று மனசுக்குள் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஒன்றும் பிடிபடாது.

ஒரு காலையில் வேன் நிஜமாகவே எங்கள் தெருவுக்குள் வந்தது. ஆண்கள் எல்லோரையும் வெளியே வரச் சொல்லி அடிபம்புக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். பாதிப் பேர் ஊரில் இல்லை. இருந்தவர்கள் கிழவர்களும் என்னைப்போன்ற பையன்களும்தான். கைகளை நீட்டு என்றார்கள். எல்லோரும் நீட்டினோம். முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டோடு நீண்டிருந்தது என் கை ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் என் எதிரில் வந்து நின்றார். எப்படி ஆனது என்று கேட்டார். சைக்கிளில் விழுந்தேன் என்றேன். எப்போது என்றார். அடிதடி நடந்த அதே நாள், அதே காலை. வேறு நாள் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நாக்கு புரளவில்லை. உண்மையையே சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா எங்கே என்றார். தெரியாது என்றேன். அதுவும் உண்மைதான். அம்மா அதற்காகத்தான் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள் என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

ஊக்கைக் கழற்றி அவரே கட்டை அவிழ்த்தார். துணி நீளமாகத் தரையில் விழுந்தது. உள்ளே அரிவாள் வெட்டு இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. மணிக்கட்டைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாகக் கன்றியிருந்தது. நிஜமாகவே வலிக்கிறதா என்று பார்க்க, உள்ளங்கையைப் பிடித்துப் பின்னால் மடக்கினார். நான் கத்தினேன். அதுவரை வாசலிலேயே நின்றிருந்த அம்மா ஓடிவந்து அவர் எதிரில் நின்றாள். அழவில்லை, காலில் விழவும் இல்லை.

"எம் புள்ள படிக்கிற புள்ளைங்க. டாக்டரு கட்டுன கட்டு அது. நீங்க அவுத்ததை நீங்களே கட்டிவிட்டுட்டுப் போங்க" என்றாள்.

அம்மாவை அடிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் அவளை விட்டுவிட்டு, எந்த டாக்டர் என்று என்னிடம் கேட்டார். பெயரைச் சொன்னேன். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த டாக்டரின் வீட்டாரையும் தெரிந்திருந்தது. என் கையை விட்டுவிட்டு, நான் விசாரிப்பேன், பொய்யாக இருந்தால் இதே இடத்தில் வந்து தூக்குவேன் என்றார். வரிசையிலிருந்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவருக்கு நடக்கவே கைத்தடி வேண்டும். தரையில் கிடந்த துணியை அம்மா எடுத்து உதறி, தெரிந்த மாதிரி கட்டிவிட்டாள்.

இனி என் தலையெழுத்து மிராசுதாரின் தம்பி மகன் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது. இதற்கிடையில் காரியஸ்தர் கண் விழித்துவிட்டார், ஆட்களை அடையாளம் தெரிகிறது என்று செய்தி வந்தது. அம்மா கோயிலுக்கு மாவிளக்கு எடுத்துப் போனாள். அடையாளம் தெரிந்து யார் பெயரைச் சொல்லப் போகிறாரோ என்று அன்றைக்கே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது படம் எடுக்க மாயவரத்துக்குத் தனியாகப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். டாக்டர் கட்டைப் பார்த்ததும், இது நான் போட்ட கட்டு இல்லையே என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் புதுப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விரிசல் இல்லை என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்ஸ்பெக்டர் வந்தாரு. கையை ஊன்றி விழுந்த அடி, அடிதடியில பட்ட அடி இல்லைன்னு சொன்னேன். அதுதானே உண்மை?"

ஆமாம் என்றேன்.

"பெரியப்பா வீட்டிலேருந்தும் ஆள் வந்து கேட்டாங்க. அவங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன். அவங்களுக்குப் பிடிக்கல."

பந்தயத்துக்குப் போகாமல் இருந்தால் நல்லது, போனால் இந்தக் கையை இழுக்கவோ அமுக்கவோ கூடாது, அவஸ்தை உனக்குத்தான் என்று சொல்லிப் புதிதாகக் கட்டிவிட்டார். விரல்கள் மட்டும் மடங்குகிற மாதிரி, அட்டை இல்லாமல் இறுக்கமான கட்டு.

பந்தயத்தன்று அந்தக் கட்டோடுதான் தஞ்சாவூரில் பந்தயம் கிளம்பும் கோட்டில் நின்றேன். வலது ஹேண்டில்பார் பிடியில் பழைய டியூபைச் சுற்றி, அதன்மேல் துணி சுற்றி மெத்தென்று ஆக்கிக் கொடுத்திருந்தார் அக்கா வீட்டுக்காரர். முன்பிரேக் வலது கையில் இருந்தது, அதைப் பிடிக்க எனக்குச் சக்தி இல்லை. பின்பிரேக் ஒன்றை நம்பித்தான் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் ஓட்ட வேண்டும். பாதுகாப்புக்கு வழி நெடுக போலீஸ் நின்றிருந்தது. காக்கியைப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் என் கால் தானாகவே வேகம் குறைந்தது. இந்த விஷயத்தை உடற்பயிற்சி ஆசிரியரிடம் பிறகு சொன்னபோது அவர் நம்பவில்லை.

அய்யம்பேட்டை வரைக்கும் முன்வரிசையோடு போய்விட்டேன். அடுத்து வந்த ஆற்றுப் பாலம் ஏறும்போது மற்றவர்கள் சீட்டை விட்டு எழுந்து, ஹேண்டில்பாரை இழுத்து மிதித்தார்கள். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மிதித்தேன். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். பாலம் இறங்கும்போதுதான் உயிரே போனது. பின்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கியது. விட்டால் முன்னால் போனவன்மேல் மோதிவிடுவேன். இன்னொரு தடவை அந்தக் கையை ஊன்றி விழுந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்ததும் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. காலைத் தரையில் உரசி உரசி இறங்கினேன். செருப்பு தேய்ந்து, குதிகால் எரிந்தது. பாபநாசத்தில் சாலை நடுவில் வைத்திருந்த டிரம்மைச் சுற்றித் திரும்பியபோது வலது கையில் உணர்வே இல்லை. அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

ஏழாவதாக வந்தேன். அன்று ஆசிரியர் என் முதுகில் தட்டிவிட்டு மூன்றாவதாக வந்தவனிடம் போனார். உடற்பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. படிப்பை முடித்துவிட்டுப் பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன்.

அப்பா பங்குனிக் கடைசியில் வக்கீலோடு போய்க் கோர்ட்டில் ஆஜரானார். தாசில்தார் முன்னிலையில் கூலிப் பேச்சு முடிந்திருந்தது. சங்கம் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் கேஸ் முடியவில்லை. காரியஸ்தர் சொன்ன பெயர்களில் அப்பா பெயரும் இருந்தது. ஜாமீனில் வந்தபோது அப்பா இளைத்து, உப்புக் காற்றில் கறுத்திருந்தார். அந்தக் களத்தில் என்ன நடந்தது, அவர் கையில் கழி இருந்ததா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரை இரவல் சைக்கிளின் கேரியரில் வைத்துத் திருவாரூர் கோர்ட்டுக்கு நான்தான் மிதித்துப் போவேன். போகும்போது என் சட்டையைப் பின்னால் பிடித்திருப்பார். கோர்ட் நெருங்க நெருங்க அந்தப் பிடி இறுகும். சில வருஷம் இழுத்து, சாட்சி போதவில்லை என்று எல்லோரையும் விடுவித்தார்கள். திரும்பி வரும்போது, ஊருக்கு வெளியே இருந்த டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். அந்தக் கடையில் எங்கள் தெரு ஆட்களுக்குத் தனி கிளாஸில், வெளியே நிற்கவைத்துத்தான் டீ கொடுப்பார்கள். அப்பா உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா, இரண்டு டீ என்றார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டீ வந்தது.